கீரையைச் சுழற்றும் வாஷிங் மெஷின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்காவின் வெர்மாண்ட் போன்ற மாநிலங்களில் சிறு விவசாயிகள் கழுவிய சாலட் கீரைகளை வீட்டு வாஷிங் மெஷினில் இட்டுச் சுழற்றி நீர் வடிக்கிறார்கள் என்று ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐஸ்பெர்க் லெட்யூஸ், ராக்கெட் கீரை முதலிய சாலட் கீரைகளைப் பயிரிட்டு ஓட்டல்களுக்கு அனுப்பி வருகிறோம். கழுவிய இலைகளைத் துணியில் பரப்பி உலர்த்துவதற்குள் பாதி நாள் கழிந்துவிடுகிறது. அமெரிக்க விவசாயிகள் வாஷிங் மெஷினை இதற்கு எப்படி மாற்றுகிறார்கள் என்பதை விரிவாகச் சொல்ல முடியுமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: முதலில் ஏன் மாற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முழுத் தலையாக விற்கும் லெட்யூஸுக்கு இந்த வேலை தேவையில்லை. இளம் இலைகளாக அறுத்து, கழுவி, பைகளில் அடைத்து, வாங்குபவர் நேரே தட்டில் போட்டுச் சாப்பிடும் நிலையில் விற்கும்போதுதான் இலைமேல் நிற்கும் நீர் பெரிய தொல்லையாகிறது. பைக்குள் தேங்கும் அந்த ஈரத்தில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அழுகத் தொடங்குகின்றன. நுண்ணுயிர்கள் பெருகவும் அதுவே இடம் கொடுக்கிறது. 0 டிகிரி செல்சியஸுக்கு அருகில் வைத்தால் மூன்று வாரம்வரை தாங்கக்கூடிய லெட்யூஸ், நீரோடு கட்டப்பட்டால் சில நாள்களிலேயே கொழகொழவென்று ஆகிவிடும். தொழிற்சாலை அளவில் இதற்கென்று தயாரிக்கப்படும் துருப்பிடிக்காத எஃகுச் சுழற்சி இயந்திரங்களின் விலை பல ஆயிரம் டாலர். வாரச் சந்தையில் விற்கும் சிறு பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது. கையால் சுற்றும் 20 லிட்டர் வாளி அளவுள்ள சாலட் சுழற்றியோ, விளைச்சல் கூடும்போது போதாமல் போய்விடுகிறது. இந்த இடைவெளியைத்தான் வாஷிங் மெஷின் நிரப்புகிறது.

அங்கே பெரும்பாலும் பயன்படுவது மேல்புறம் திறக்கும் பழைய வகை இயந்திரம். குமிழைத் திருகி நேரே சுழற்றும் கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய இயந்திர டைமர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தொட்டியின் நடுவே நின்று துணியைப் புரட்டும் தண்டினை அதன் மூடியைக் கழற்றி, அடியிலுள்ள போல்ட்டை நீக்கி எடுத்துவிடுகிறார்கள். இலையைக் கிழிப்பதும் இடத்தை அடைப்பதும் அதுதான். தண்டு போன பிறகு நடுவில் தெரியும் முனையை வழவழப்பான மூடியால் மூடிவிட வேண்டும். அடுத்து, நீர் வரும் குழாய்களை இணைப்பதே இல்லை, ஏனென்றால் இங்கே கழுவும் வேலை தனியாகத் தொட்டிகளில் நடக்கிறது. இயந்திரத்துக்கு உரியது நீரை உதறும் வேலை மட்டுமே. நீரை வெளியேற்றும் பம்பையும் பலர் நீக்கிவிடுகிறார்கள். இயந்திரத்தைச் செங்கல்லோ கட்டையோ வைத்து உயர்த்தி, வெளித் தொட்டியின் அடியிலிருந்து ஒரு நேர்க்குழாய் வழியாக நீர் தானாக ஓடிவிடும்படி செய்கிறார்கள். பம்புக்குள்ளும் நெளிந்த குழாய்க்குள்ளும் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கி நாறும் என்பதால் இது நல்ல மாற்றம். ஆனால் அந்தக் குழாயின் முனை சாக்கடைக்குள் அமிழ்ந்திருக்கக் கூடாது. சற்று மேலே, காற்று இடைவெளியோடு நிற்க வேண்டும்.

இலைகளை உள்ளே வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணி துவைப்பதற்கென்று விற்கும் வலைப்பைகளில் பாதி அளவுக்கு நிரப்பி, எடை சமமாக இருக்கும்படி எதிரெதிரே வைப்பது. மற்றொன்று, தொட்டிக்குள் சரியாகப் பொருந்தும் துளையிட்ட பிளாஸ்டிக் கூடை. என் தேர்வு கூடைதான். வலைப்பையின் நூலிடுக்குகளில் இலைத்துணுக்கும் சாறும் ஏறிக்கொள்கின்றன. அதைத் தேய்த்துச் சுத்தமாக்குவது கூடையைத் தேய்ப்பதுபோல எளிதல்ல. கூடையில் இன்னொரு வசதி, இலை தொட்டியைத் தொடாமலே உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

கேள்வி: வீட்டில் பல ஆண்டுகள் துணி துவைத்த பழைய இயந்திரம் நன்றாக ஓடும் நிலையில் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை ஓட்டிவிட்டுக் கீரைக்குப் பயன்படுத்தலாம் அல்லவா? – ஈரோடு வாசகி

பதில்: பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணுக்குத் தெரியும் உள்தொட்டியை நீங்கள் எவ்வளவு பளபளப்பாக்கினாலும், அதைச் சுற்றி நிற்கும் வெளித் தொட்டியின் உட்புறமும், உள்தொட்டியின் மறுபுறமும் உங்கள் கைக்கு எட்டாது. துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன இருக்கும் என்று தெரியும்: சோப்புக் கசடு, துணி மென்மையாக்கியின் பிசுக்கு, தலைமுடி, நூல்தூசி, அவற்றின்மேல் வழுவழுப்பாகப் படர்ந்த நுண்ணுயிர்ப் படலம். இந்தப் படலம் குளோரினைத் தன் மேற்புறத்திலேயே செலவழித்துவிடும். அடியில் உள்ளவை தப்பித்துக்கொள்ளும். வேகமாகச் சுழலும்போது எழும் காற்றும் நீர்த்திவலையும் அந்த இடுக்கிலிருந்து மறுபடி இலைகளை நோக்கி வரக்கூடும்.

மாற்றத்தில் கடினமான பகுதி மின்சாரமோ மோட்டாரோ அல்ல, இந்த இடுக்குதான். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு போன்ற அமைப்புகள் சிறு விவசாயிகளோடு இந்த இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போதும் சுத்தம் செய்யும் வசதியையே முன்னால் வைக்கின்றன. எனவே புதிய இயந்திரத்தை வாங்கி, முதல் நாளிலிருந்தே கீரைக்கு மட்டும் ஒதுக்குவது மேல். பழையதைத்தான் எடுப்பேன் என்றால், மெக்கானிக்கை வைத்து உள்தொட்டியை முழுவதுமாக வெளியே எடுத்து, இரு தொட்டிகளையும் தேய்த்துக் கழுவி, பேரிங்கையும் ஆயில் சீலையும் புதிதாக மாற்றி, உணவுத் தொழிலுக்குரிய கிரீஸ் இட்டுப் பூட்டுங்கள். பழைய சீல் கசிந்தால் கருப்பு எண்ணெய் தொட்டிக்குள் வந்துவிடும். பற்பசை வெள்ளையில் எனாமல் பூசிய மிகப் பழைய தொட்டியாக இருந்து, பூச்சு உதிர்ந்து துரு தெரிந்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள். ஒரு முறை கீரைக்கு வந்த இயந்திரத்தில் அவசரத்துக்குக்கூட வேலை உடுப்பைத் துவைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் பண்ணைகளில் இது நடக்கும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது புதிய, தானியங்கி இயந்திரம். ஸ்பின் மட்டும் தேர்ந்தெடுத்தால் சில சமயம் ஓடுகிறது, சில சமயம் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றுவிடுகிறது. – கொடைக்கானல் வாசகர்

பதில்: இயந்திரம் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. இக்காலத்து மின்னணுப் பலகை, எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, நீர் வடிந்ததா, மூடி பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வேகம் எடுக்கும். கீரையைச் சமமாகப் பரப்பினால் பெரும்பாலும் ஓடிவிடும். பம்பை நீக்கியிருந்தால் பலகை அதைக் குறையாகக் கொண்டு நிறுத்தவும் கூடும். அதனால்தான் மாற்றம் செய்பவர்கள் இயந்திர டைமர் உள்ள பழைய மாடலைத் தேடுகிறார்கள். பலகையைத் தவிர்த்துவிட்டு மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுக்கும்படி எந்த மெக்கானிக்காவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இன்வெர்ட்டர் வகை மோட்டார் அப்படி ஓடாது, மற்ற வகைகளில் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பலகைதான் தீர்மானிக்கிறது.

கேள்வி: நம் ஊர் செமி ஆட்டோமேட்டிக்கில் டிரையர் தனியாகவே இருக்கிறதே! எந்த மாற்றமும் செய்யாமல் அதில் கீரையைப் போட்டால் என்ன? அமெரிக்கர்கள் இவ்வளவு சிரமப்படுவானேன்? – மதுரை வாசகர்

பதில்: நல்ல கேள்வி, பலரும் இதையே எழுதியிருக்கிறார்கள். சுழற்றும் தொட்டி தனியாக இருப்பது, நடுவில் தண்டு இல்லாதது, சாதாரணக் குமிழ் டைமர், குறைந்த விலை ஆகிய எல்லாமே நமக்குச் சாதகம். பாதகம் அதன் வேகம்.

சுழலும் தொட்டியில் இலை வெளிப்பக்கமாக எவ்வளவு விசையோடு அழுத்தப்படுகிறது என்பது தொட்டியின் ஆரத்தையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 25 செ.மீ. ஆரமுள்ள அமெரிக்க மேல்திறப்புத் தொட்டி நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், சுவரோரம் இருக்கும் இலையின் எடை ஏறக்குறைய 100 மடங்காகிறது. அதாவது 2 கிலோ கீரை 200 கிலோ போலத் தன்னைத்தானே சுவரில் அழுத்திக்கொள்கிறது. மென்மையான துணிக்குரிய குறைந்த வேகத்தில், 400 சுற்று என்று வைத்துக்கொண்டால், 45 மடங்குதான். நம் டிரையரின் தொட்டி சிறியது, ஆரம் 12 செ.மீ. அளவில் இருக்கும், ஆனால் அது நிமிடத்துக்கு 1,300 சுற்று சுற்றுகிறது. கணக்கிட்டால் விசை 225 மடங்கைத் தொடுகிறது. அதே 2 கிலோ இங்கே 450 கிலோ. ஜீன்ஸ் துணிக்கு இது நல்லது. இளம் லெட்யூஸுக்கு, வெளியோரம் மாட்டிக்கொண்ட இலைகள் நசுங்கி, மடிப்புகளில் கரும்பச்சைக் கோடு விழுந்து, மறுநாள் அந்த இடம் பழுப்பாகிவிடும். நசுங்கிய இலையிலிருந்து கசியும் சாறு நுண்ணுயிர்களுக்குத் தீனியுமாகும். நீரை எடுத்து ஆயுளைக் கூட்டப் போய், நசுக்கி ஆயுளைக் குறைத்த கதையாகிவிடும்.

வேகத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. மோட்டார் திணறிச் சூடேறிக் கெடும். டிரையர் மோட்டார் தொட்டியின் தண்டோடு நேரே இணைந்திருப்பதால் புல்லியை மாற்றி வேகம் குறைக்கவும் வழியில்லை. எஞ்சுவது நேரம் ஒன்றுதான். முழு வேகம் எட்டுவதற்கு முன்பே டைமரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, தொட்டி தானாக ஓய்ந்து நிற்கும்வரை விடுங்கள். பிறகு இலைகளைக் கையால் உதறித் தளர்த்தி, மறுபடி ஒரு முறை அப்படியே செய்யுங்கள். மெல்லிய அடுக்காகத் தொட்டியின் சுவரைச் சுற்றிப் பரப்புங்கள். அடைத்துத் திணித்தால் வெளியடுக்கு முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். சுழற்றுவதற்கு முன் கீரையைத் துளையுள்ள கிரேட்டில் சில நிமிடம் நீர் வடிய வைப்பது பாதி வேலையைச் செலவில்லாமல் செய்துவிடும். முட்டைக்கோஸ் துருவல், கேல் போன்ற தடித்த இலைகள் டிரையரின் வேகத்தை ஓரளவு தாங்கும். ராக்கெட்டும் இளம் லெட்யூஸும் தாங்காது.

போதுமான அளவு உலர்ந்ததா என்பதை அறியத் தராசு போதும். கழுவுமுன் ஒரு கூடை கீரையை எடைபோட்டுக்கொள்ளுங்கள்; சுழற்றிய பின் மறுபடி போடுங்கள். கூடியிருக்கும் எடை முழுவதும் நீர்தான். நனைத்த கொத்துமல்லிக் கட்டை விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். எடை முழுதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. சிறிதளவு ஈரப்பதம் இலை வாடாமல் இருக்க உதவும். இலையைப் பையில் போட்டால் அடியில் நீர் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மூடுவது நேரம் பிடிக்கிறது. மூடி திறந்திருந்தாலும் தொட்டி ஓடும்படி மூடி சுவிட்சை நேரே இணைத்துவிட்டால் வேலை விரைவாகுமே? – ஓசூர் வாசகர்

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். டிரையர் மூடியைத் திறந்தவுடன் மின்சாரம் அறுந்து, பிரேக் கம்பி தொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடும் தொட்டிக்குள் வலைப்பையின் கயிறு விரலில் சுற்றிக்கொண்டால் கையை வெளியே எடுக்க நேரம் இருக்காது. முழு வேகத்திலிருந்து பிரேக் பிடித்து நிற்க அதிக நேரமானால் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று பொருள், உடனே மாற்றுங்கள். கூடவே, ஈரத் தரையில் வேலை நடக்கும் இடம் என்பதால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றையும் பொருத்துங்கள். இயந்திரத்தில் எந்த மாற்றம் செய்தாலும் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படி மாற்றிய இயந்திரத்தைச் சட்டம் அனுமதிக்கிறதா? அங்கே எப்படி, இங்கே எப்படி? – சென்னை வாசகி

பதில்: அமெரிக்காவில் 2006-இல் பையில் அடைத்த பசலைக்கீரை வழியாக ஈ.கோலை கிருமி பரவி, ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். கலிபோர்னியாவில் விளைந்த கீரை அது. அதுபோன்ற நிகழ்வுகள் சேர்ந்துதான் 2011-இல் உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டத்தைக் கொண்டுவந்தன. அதன்கீழ் பண்ணை விளைபொருள்களுக்கான விதி 2015-இல் இறுதி செய்யப்பட்டது. அந்த விதி வாஷிங் மெஷின் என்று பெயர் சொல்லித் தடுக்கவில்லை. உணவைத் தொடும் கருவிகள் போதுமான அளவு சுத்தம் செய்யக்கூடிய வகையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும், அப்படிச் சுத்தம் செய்யப்படவும் வேண்டும் என்கிறது. அறுவடைக்குப் பின் கழுவும் நீரில் 100 மில்லி லிட்டருக்கு ஈ.கோலை அறவே தென்படக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே அங்கும் கேள்வி இயந்திரத்தின் பெயரைப் பற்றியதல்ல; ஆய்வாளர் முன்னால் தொட்டியைக் கழற்றிக் காட்ட முடியுமா என்பதுதான்.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் விவசாயியின் சாகுபடி வேலைக்குப் பொருந்தாது. ஆனால் இலையைக் கழுவி, கலந்து, பையில் அடைத்து விற்கத் தொடங்கும்போது அது உணவுத் தொழிலாகிவிடுகிறது. உரிமத்துக்கான சுகாதார விதிகள், உணவைத் தொடும் கருவி துருப்பிடிக்காததாகவும், நச்சுத்தன்மை சேர்க்காததாகவும், எளிதில் சுத்தம் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் இயந்திரத்தை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: தினமும் எப்படிச் சுத்தம் செய்வது? எவ்வளவு குளோரின் சேர்ப்பது? – உதகை வாசகர்

பதில்: வேலை முடிந்ததும் முதலில் வெறும் நீரால் இலைத்துணுக்குகளை அலசுங்கள். பிறகு மணமற்ற சோப்புக் கரைசலால் தேய்த்து, மறுபடி அலசுங்கள். அதன் பிறகே குளோரின். அழுக்கின்மேல் குளோரினை ஊற்றினால் அது அழுக்கோடு வினைபுரிந்து வீணாகும். கடையில் 4 விழுக்காடு என்று குறித்து விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கலந்தால் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) கிடைக்கும், கூடைக்கும் தொட்டிக்கும் இதற்கு மேல் வேண்டாம். வாசனையோ சோப்போ சேர்த்த வகையை வாங்காதீர்கள், பழைய புட்டியில் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் சோதனைத் தாளால் பார்த்துக்கொள்ளுங்கள். கரைசலை வெளித் தொட்டியிலும் படும்படி ஊற்றி, சிறிது நேரம் சுழற்றி வடித்து, மூடியைத் திறந்தே வைத்து உலர விடுங்கள். மூடிய ஈரத் தொட்டிதான் மறுநாள் காலையில் நாற்றத்தோடு காத்திருக்கும்.

கீரை கழுவும் நீருக்கு வேறு அளவு: 50 பி.பி.எம். என்றால் 100 லிட்டருக்கு அதே திரவம் 125 மில்லி. அதன்பின் நல்ல குடிநீரில் ஒரு முறை அலசிவிட்டுச் சுழற்றியில் இடுங்கள். வலைப்பை பயன்படுத்துபவர்கள் அவற்றையும் தினமும் சோப்பிட்டுக் கழுவி, கரைசலில் நனைத்து, வெயிலில் தொங்கவிடுங்கள். நூல் பிரியத் தொடங்கிய பையைத் தூக்கி எறியுங்கள்; சாலட்டில் நைலான் இழை வந்தால் அந்த ஓட்டல் திரும்ப வாங்காது.

கேள்வி: எங்கள் குழுவில் முருங்கை இலைப்பொடி தயாரிக்கிறோம். கழுவிய இலையை நிழலில் உலர்த்தும்முன் நீரை எடுக்க டிரையர் பயன்படுமா? – கரூர் மாவட்டத்து மகளிர் குழு

பதில்: உங்களுக்கு இது லெட்யூஸ்காரர்களைவிடப் பொருத்தமானது. முருங்கை இலை எப்படியும் உலர்ந்து பொடியாகப் போவதால் சற்று நசுங்குவது பெரிய நட்டமில்லை. மேற்பரப்பு நீரை முன்கூட்டியே எடுத்துவிட்டால் உலர்த்தும் நேரம் குறைகிறது. இலை ஈரத்தோடு நெடுநேரம் கிடந்து கருத்துப் போவதும் பூஞ்சை பிடிப்பதும் குறைகின்றன. இலை மிகச் சிறியது என்பதால் துளை வழியாக வெளித் தொட்டிக்குள் போய் வடிகுழாயை அடைக்கும். நெருக்கமான கண்ணுள்ள வலைப்பை கட்டாயம் வேண்டும். ஈர்க்கோடு சேர்த்தே கழுவிச் சுழற்றிவிட்டு, உலர்ந்த பிறகு உருவினால் இந்தத் தொல்லையும் குறையும்.

உற்பத்தி பெருகினால் வீட்டு டிரையரிலேயே நிற்காதீர்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியிலிருந்து நீர் பிழியும் ஹைட்ரோ இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்பை உணவுக்கென்றே துருப்பிடிக்காத எஃகில் செய்து கொடுக்கும் பட்டறைகள் உள்ளன. 304 தர எஃகு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; உள்கூடையை வெளியே எடுத்துக் கழுவ முடிகிறதா என்று பணம் கொடுக்குமுன் நீங்களே கழற்றிப் பாருங்கள். சாயப்பட்டறையில் ஓடிய பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

மிகச் சிறிய அளவில், நாளுக்குச் சில கிலோ மட்டும் செய்பவர்கள் இவை எதையும் வாங்க வேண்டியதில்லை. கையால் சுற்றும் 20 லிட்டர் சுழற்றி போதும். மின்சாரம் வேண்டாம், முழுவதும் கழற்றித் தேய்க்கலாம், இலையும் நசுங்காது.